பால் வற்றிய மரத்தின் மறுவாழ்வு

ரப்பர் மரத்துக்கு இரண்டு ஆயுள் உண்டு. பால் தரும் முதல் ஆயுள் மலேசியத் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் தெரிந்தது. பால் வற்றி வீழ்த்தப்பட்ட பின், மேசையாகவும் நாற்காலியாகவும் கட்டிலாகவும் வீடுகளில் குடிபுகும் இரண்டாவது ஆயுளைக் காண விரும்புவோர், மூவார் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் முகத்துவாரத்தில், பண்டார் மகாராணி என்ற அரசப் பெயரோடு அமைந்திருக்கும் மூவார் நகரத்துக்கும், அதைச் சூழ்ந்த பக்ரி, புக்கிட் பாசிர் முதலிய சிற்றூர்களுக்கும் வரவேண்டும். மலேசியா அயல்நாடுகளுக்கு அனுப்பும் தளவாடங்களில் பாதிக்கு மேற்பட்டவை இந்த ஒரு வட்டாரத்தின் தொழிற்சாலைகளிலிருந்தே கப்பலேறுகின்றன. அவற்றுக்கு நெடுங்காலமாக முக்கிய மூலப்பொருளாக இருந்து வருவது ரப்பர் பலகை. இயற்கைக்கு அதிகப் பாரமாகாமல் அன்றாட ஜீவனத்தை நடத்துவது எப்படி என்று கேட்கும் குடும்பஸ்தர்களுக்கு, இந்த மரத்தின் சரித்திரத்தைவிட உபயோகமான பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேஸில் நாட்டிலிருந்து லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்த விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூரை அடைந்ததும், 1896-இல் மூவாருக்கு அண்டையிலுள்ள மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீன வணிகர் வியாபார நோக்கோடு முதன்முதலாக ரப்பர் பயிரிட்டதும், பிறகு தீபகற்பத்தின் மேற்குப் பகுதி நெடுகக் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்ததும், அத்தோட்டங்களுக்காகத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கடல் கடந்ததும் ஒன்றையொன்று தொடர்ந்து நிகழ்ந்தவை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் பெயர் கொடுத்து, தமக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரையில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் பட்டையைச் சாய்வாகச் சீவி, மங்கு என்னும் கோப்பையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, வெட்டுக்கோட்டில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலையும் விடாமல் உரித்தெடுத்துக்கொண்ட அந்த மக்களுக்கு, உளி சற்று ஆழமாகப் பட்டாலும் மரம் காயப்பட்டுப் பட்டை சரியாக வளராது என்பது ஒருவர் சொல்லித் தெரியவேண்டிய விஷயமாக இருக்கவில்லை. அந்தச் சிக்கனம் வறுமையும் கண்டிப்பும் சேர்ந்து விதித்தது. அதைப் பொற்காலமென்று புகழ நான் விரும்பவில்லை. ஆனால் ஒரு பொருளைக் கடைசிச் சொட்டு வரை பிரயோஜனப்படுத்தும் கைப்பழக்கம், இன்று நாமே விரும்பி ஏற்கத் தக்கது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நட்டு 6, 7 ஆண்டுகளில் வெட்டுக்கு வரும் மரம், 25, 30 வயதாகும்போது பால் குன்றிப்போகிறது. அப்போது அதை வீழ்த்திவிட்டுப் புதுக் கன்று நடுவதே தோட்டத்தின் நியதி. வீழ்ந்த மரம், பால் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளின் அடுப்புக்கும் விறகாயிற்று; 1967-இல் பிறையில் உற்பத்தி தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலைக்குக் கரியாயிற்று; எஞ்சியது நிலத்திலேயே குவித்துக் கொளுத்தப்பட்டது. வெளிர்மஞ்சள் நிறமும் நல்ல உறுதியும் கொண்ட இந்த மரத்தைப் பலகையாக்க முடியாமற் போனதற்குக் காரணம் அதன் உள்ளே நிறைந்திருக்கும் மாச்சத்து. அறுத்த சில தினங்களுக்குள் நீலம் பாய்ச்சும் பூஞ்சணம் படரும். துளைவண்டு குடியேறிப் பலகையை மாவாக உதிர்த்துவிடும். இதற்குப் பரிகாரமாக, அறுத்த பலகையைத் தாமதமின்றி அழுத்தக் கலனில் அடுக்கி, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, வெண்காரம் சேர்ந்த போரான் கரைசலை உட்செலுத்தி, பின்னர் சூளையில் பக்குவமாக உலர்த்தும் முறையைக் கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் முதலிய ஸ்தாபனங்களின் ஆராய்ச்சி ஸ்திரப்படுத்தவே, நெருப்புக்கு இரையாகி வந்த மரம் 1980-களில் ஏற்றுமதிச் சரக்காக உயர்ந்தது. அறுப்பில் உதிரும் தூளும் வீண் போவதில்லை: தவிட்டையும் சிறிது சுண்ணாம்பையும் கலந்து, பைகளில் அடைத்து, ஆவியில் வேகவைத்தால், சிப்பிக் காளான் செழித்து வளர அதுவே நிலமாகிறது.

கடையில் ரப்பர் மர மேசையைக் காண்பவர்கள் அதன் பலகைப் பரப்பைக் குனிந்து கூர்ந்து நோக்க வேண்டும். முழு நீளப் பலகை ஒன்றும் அங்கே இராது. முழங்கை நீளமுள்ள சிறு கட்டைகளின் நுனிகளைப் பல் பல்லாக வெட்டி, ஒன்றினுள் ஒன்றைச் செருகிப் பசையிட்டு இறுக்கிய கோணல்மாணலான கோடுகள் தென்படும். இதைக் குறையென்று எண்ணி விலகுவோர் உண்டு. ஆனால், நேரான அடிமரம் குறைவான ஒரு மரத்தில், முடிச்சையும் வெடிப்பையும் நீக்கி, நல்ல துண்டு ஒவ்வொன்றையும் காப்பாற்றிய அடையாளமே அந்தக் கோடு.

அதன் பக்கத்திலேயே, மரத்தூளைப் பசையிட்டு அழுத்தி, மேலே மரம் போன்ற காகிதம் ஒட்டிய அலமாரி மலிவான விலைக்கு நிற்கும். மூவாரின் ஈரக் காற்றிலும், தரை கழுவும் நீரிலும் அதன் அடிவிளிம்பு தேநீரில் நனைந்த ரொட்டியைப் போல உப்பிவிட்டால், அப்புறம் ஆணி பிடிக்காது, திருகும் நிற்காது. மூவார் அமைந்துள்ள ஜொகூர் மாநிலத்தில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்து வைப்பது சட்டப்படி கட்டாயம். மறுசுழற்சிப் பொருள்களோடு பெரிய சாமான்களையும் எடுத்துச்செல்ல வாரத்துக்கு ஒரு நாள் லாரி வருகிறது. ஆனால் பசையும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்தப் பலகையைப் பிரித்தெடுத்து மீண்டும் உபயோகிப்பது எளிதன்று. ரப்பர் மரத்து நாற்காலியோ ஆடினால், பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை தடவி, கயிற்றால் இறுக்கி ஓர் இரவு வைத்தால் போதும்; கறை படிந்தால் உப்புத்தாளால் தேய்த்து மெருகு பூசலாம். மழையும் வெயிலும் படும் வாசலில் மட்டும் அதை வைக்கலாகாது. வெளிப்புறத்துக்கு ஏற்ற மரமல்ல அது.

இம்மரத்தைக் குற்றமற்றதென்று சொல்ல மாட்டேன். அதன் தோட்டம் எழுந்த இடத்தில் ஒரு காலத்தில் காடு இருந்தது. பசையின் ரசாயனமும் கவனிக்கத் தக்கது. எனினும், இன்று காட்டை வெட்டாமலே கிடைக்கும் பலகை இது. அதற்கும் இப்போது தட்டுப்பாடு வந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 20 லட்சம் ஹெக்டேராக இருந்த மலேசிய ரப்பர் நிலப்பரப்பு, செம்பனைக்கு இடங்கொடுத்துப் பாதியளவுக்குக் குறுகிவிட்டது. அறுத்த ரப்பர் பலகை ஏற்றுமதியாவதற்கு 2017 ஜூலையில் அரசாங்கம் தடை விதிக்க நேர்ந்தது. நாட்டின் ரப்பரில் பெரும்பகுதி இன்று சிறுதோட்டக்காரர்களின் கையிலேயே இருக்கிறது. பால் விலை சரிந்த ஆண்டுகளில், முதிர்ந்த மரத்துக்குக் கிடைக்கும் தொகைதான் அவர்களுக்கு மறுநடவின் ஆரம்பச் செலவில் கைகொடுக்கிறது. அந்தத் தொகை நல்ல தொகையாக இருந்தால், அடுத்த கன்று செம்பனையா ரப்பரா என்று தீர்மானிக்கும் வேளையில் ரப்பருக்கும் ஒரு நியாயம் இருக்கும்.