விதைப்பைக் கட்டியும் வீண் வெட்கமும்

கறவை மாட்டின் மடியில் சிறு வீக்கம் கண்டாலும் அன்றே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லும் நாம், வளரும் மகனின் விதைப்பையில் தோன்றும் கட்டியைப் பற்றி வாய் திறப்பதில்லை. பையனும் வெட்கத்தால் மறைக்கிறான். இந்த மௌனம் சில வேளைகளில் ஓர் உறுப்பையே பலிகொண்டுவிடுகிறது. ஆகவே, இதன் தன்மையைப் பெற்றோரும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஒவ்வொரு விதையின் பின்புறத்திலும் மெல்லிய குழாயொன்று சுருண்டு படிந்திருக்கிறது. அதில் நீர் தேங்கிப் பட்டாணி அளவிலோ, அதனினும் பெரிதாகவோ திரண்டு நிற்பதே நீர்க்கட்டி. பருவமெய்தும் வயதில் இது தோன்றக்கூடும். பெரும்பாலும் வலி இராது. இது புற்றும் அன்று. தொற்றும் நோயும் அன்று.

விதைப்பை வீக்கம் யாவும் இவ்வகையினவல்ல. விதையைச் சுற்றி நீர் கோப்பது ஓதம். படுத்தால் உள்ளே சென்று, இருமினால் வெளிவருவது குடலிறக்கம். நிற்கும்போது புழுத்திரள் போலத் தட்டுப்படுவது இரத்தக் குழாய்களின் புடைப்பு. இது பெரும்பாலும் இடப்புறமே காணும்.

இவற்றைப் பிரித்தறிவது வைத்தியரின் பணி. கட்டி விதையினின்று தனித்து நிற்கிறதா என்று அவர் தடவிப் பார்ப்பார். இருட்டறையில் டார்ச் விளக்கை வைத்துப் பார்ப்பார். உள்ளே தெளிந்த நீராயின் ஒளி ஊடுருவும். அல்ட்ராசவுண்ட் பரிசோதனை ஐயத்தை நீக்கும். விதையிலேயே கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் தாமதம் கூடாது. அது புற்றாகவும் இருக்கலாம். தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

சாதாரண நீர்க்கட்டிக்குச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. சில தாமே சுருங்கிவிடும். அவ்வப்போது வைத்தியரிடம் காட்டிவந்தால் போதும். மிகப் பெருத்தாலோ, வலித்தாலோ மட்டுமே அறுவை சிகிச்சை செய்வர். ஊசியால் குத்தி நீரை வடிப்பதால் பயனில்லை. மீண்டும் நீர் கோக்கும், சீழ் பிடிக்கவும் கூடும்.

ஆயின், திடீரென்று கடும் வலி தோன்றினால் அது வேறு. விதை தன் கொடியோடு முறுக்கிக்கொள்ள, இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. உறக்கத்திலும் இது நேரும், வாந்தியும் வரும். வெட்கப்படும் பையன் ‘வயிற்று வலி’ என்று மட்டுமே சொல்லக்கூடும். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் விதையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம்; விடியட்டும் என்று காத்திருந்தால் இழக்க நேரிடும். எண்ணெய் தடவி, ஒத்தடம் கொடுத்துப் பொழுதைக் கழிக்கலாகாது. உடனே 108 வண்டியை அழைத்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது, பையன்கள் தனியறையில் தயக்கமின்றிப் பேசப் பஞ்சாயத்தார் வசதி செய்து தரலாம். ‘அவ்விடத்தில் வலித்தால் இரவானாலும் எழுப்பிச் சொல்’ என்று ஒவ்வொரு தந்தையும் மகனிடம் கூறிவைப்பாராக. இதற்குச் செலவு ஏதுமில்லை. தயக்கத்தை விட்டால் போதும்.