ஐந்தருவிச் சீமையில் ஐந்து கை விருந்தாளி

வீட்டுக்குள் கடல் வைக்கும் ஆசை, உப்புநீர்த் தொட்டியில் நட்சத்திர மீன் வளர்க்கும் ஆசை, தென்காசி வரை ஏறி வந்துவிட்டது. தூத்துக்குடிக் கடற்கரை இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். கூப்பிடு தூரத்தில் இருப்பது குற்றாலம். அந்த அருவித் தண்ணீர் நம் தலைக்கு மருந்து, நட்சத்திர மீனுக்கு விஷம்.

அதன் உடம்பில் ரத்தம் கிடையாது. கடல்நீரையே உள்ளே இழுத்துக் குழாய்களில் ஓட்டி, அந்த அழுத்தத்தில் கால்களை நீட்டி நடக்கிறது. வெளியே உப்பு ஏறினாலும் இறங்கினாலும் உள்ளேயும் அதே கதிதான். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டியில் 16 அங்குலம் தண்ணீர் நின்றால் சுமார் 170 லிட்டர்; லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஆறு கிலோ உப்பு. சித்திரை வெயிலில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் இரண்டங்குலம் ஆவியாகியிருக்கும். உப்பு எங்கும் போகாது. 35 இப்போது 40. பதறிப்போய் ஒரு வாளி நல்ல தண்ணீரை மடமடவென்று ஊற்றுகிறோமே, அதில்தான் பாதி உயிர் போகிறது.

சரி, உப்பையும் சூட்டையும் கருவிகள் பார்த்துக்கொள்ளும், கரண்ட் இருக்கும்வரை. என் மனசு கிடந்து அடித்துக்கொள்வது அதன் பசியை நினைத்து.

“மணலைச் சுத்தமா வச்சுக்கும், சாப்பாடே போட வேண்டாம்” என்று சொல்லித்தான் மணல் நட்சத்திர மீனை விற்கிறார்கள். அது துப்புரவு செய்ய வந்ததல்ல, வேட்டைக்கு வந்தது. மணலுக்குள் புதைந்து குட்டிச் சிப்பி, நத்தை, புழுவை முழுசாக விழுங்கும். நாலரை சதுர அடி மணலில் எத்தனை புழு இருந்துவிடும்? சில வாரங்களில் துடைத்து வைத்துவிடும். அப்புறம் தன் உடம்பையே கரைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மீன் பட்டினி கிடந்தால் வயிறு ஒட்டிக் காட்டிக்கொடுக்கும். இதன் மேல்தோடு கெட்டி. தூரத்திலிருந்து பார்த்தால் கொழுகொழுவென்றே தெரியும். கண்ணாடியோரம் வரும்போது உற்றுப் பாருங்கள்: கைநுனி மெலிந்து சுருண்டிருக்கும், தோலில் வெள்ளைத் திட்டு விழுந்திருக்கும். ஒருநாள் காலையில் கை ஒன்று கழன்று தனியே கிடக்கும். அதற்கப்புறம் மட்டிச் சதையை அடியில் வைத்தாலும் தொடாது. “கை போனா முளைச்சிரும்ல” என்பார்கள். முளைக்கும், சாப்பிட்டால்.

சாப்பிடுகிற ரகம் வேண்டுமென்றால் மன்னார் வளைகுடாவில் வலையில் சிக்கும் சிவப்புக் குமிழ் நட்சத்திர மீன் இருக்கிறது. அது வயிற்றையே வாய்வழியாக வெளியே தள்ளி, தொட்டியில் அகப்படும் உயிர்களின்மேல் போர்த்திக் கரைத்துவிடும். பவளமும் தப்பாது. பாறைப் பவளமோ 2001 முதல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், யானைக்கும் புலிக்கும் சமமாக இருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்தே அந்த வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கின. மிச்சத்தை வரவேற்பறைக்குக் கொண்டுவருவானேன்?

பெரிய தொட்டி போட்டு, கைப்பட ஊட்டி, ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுகிறவர்களும் உண்டுதான்.

சின்னத் தொட்டியிலும் செழிப்பது ஒரே ஒரு சாதி: நகக்கண் அளவே உள்ள அஸ்டரினா. காசு கொடுக்காமலே, தொட்டிக்குள் வைக்கும் பாறையோடு ஒட்டிக்கொண்டு வரும், கண்ணாடிப் பாசியை மேயும், தன்னைத்தானே இரண்டாகப் பிய்த்துக்கொண்டு பெருகும். பார்க்க அழகில்லை. அதனால் அதைத்தான் தொட்டிக்காரர்கள் இடுக்கி வைத்துப் பொறுக்கி வெளியே போடுகிறார்கள்.