பெட்ரோல் முள் எழவே இல்லையா? பழைய ஹெரால்டில் முதலில் மாற்ற வேண்டியது டேங்க் யூனிட்டை அல்ல!

டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டாயிற்று. சாவியைத் திருப்பினால், முள் 'காலி' என்ற இடத்திலேயே படுத்துக் கிடக்கிறது. சில கார்களில் இதற்கு நேர்மாறு. பாதி டேங்க் இருப்பதாக முள் காட்டிக்கொண்டிருக்கும்போதே, மேம்பாலத்தின் நடுவில் இன்ஜின் இருமி நின்றுவிடும். பழைய கார் வைத்திருக்கும் பல குடும்பங்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். கேனைத் தூக்கிக்கொண்டு பங்க் வரை நடந்த பிறகு, டேங்க்கில் குச்சி விட்டு அளந்து பார்ப்பது பழக்கமாகிவிடும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய வடிவமைப்பாளர் மிச்செலோட்டி வரைந்த இங்கிலாந்தின் 'டிரையம்ப் ஹெரால்டு' 1960-களில் மெட்ராஸ்காரரானது. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரானது. நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது என்பதில் அதன் ரசிகர்களுக்குத் தனிப் பெருமை. இன்று அதைத் தூசி தட்டி, பெயின்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் முள் பிரச்னை பெரும்பாலும் அந்தப் பெயின்ட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

டேங்க்குக்குள் ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பி, கம்பியின் மறுமுனையில் மெல்லிய கம்பிச் சுருள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் டேங்க் யூனிட். மெக்கானிக்குகள் சுருக்கமாக 'ஃப்ளோட்' என்பார்கள். மிதவை ஏறி இறங்கும்போது சுருளின் மின்தடை மாறும். அதற்கேற்ப டேஷ்போர்டில் முள் நகரும். டேஷ்போர்டிலிருந்து யூனிட்டுக்கு வருவது ஒரே ஒரு வயர். மின்சாரம் திரும்பிப் போகும் வழி காரின் உடம்பு, அதாவது எர்த். டேங்க்கைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இரண்டு கோட் பெயின்ட் அடித்துப் பளபளவென்று மாட்டினால் இரும்பும் இரும்பும் தொடாமல் போய்விடும். யூனிட்டில் எந்தக் குறையும் இல்லாமலே முள் செத்துவிடும்.

அதனால் கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு துண்டு வயர் போதும். ஹெரால்டில் ஒரு வசதி, டேங்க் டிக்கிக்குள்ளேயே இடது பக்கம் இருக்கிறது. காருக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை. சாவி ஆஃபில் இருக்கும்போதே வயரின் ஒரு முனையை யூனிட்டின் உலோகத் தட்டிலும், இன்னொன்றைப் பெயின்ட் இல்லாத சேஸிஸ் பகுதியிலும் இணைத்துவிட்டு, பிறகு சாவியைத் திருப்புங்கள். முள் எழுந்தால் வேலை முடிந்தது. செலவு, எர்த் போடும் ஒரு வயர்தான்.

எழவில்லையா? அடுத்த சோதனைக்கு வீட்டில் ஒருவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். சாவியைத் திருப்பியதும் முள் மெதுவாக, தூக்கக் கலக்கத்தோடு நகரும் வகை மீட்டரில், யூனிட்டிலிருந்து வயரைக் கழற்றினால் முள் 'காலி'க்குப் போக வேண்டும். அதே வயரை எர்த்தில் இணைத்தால் 'ஃபுல்' நோக்கி ஏற வேண்டும். சட்டென்று துள்ளும் பழைய வகை மீட்டரில் இது தலைகீழ். ஒவ்வொரு முறையும் சாவி ஆஃப், இணைப்பு, பிறகுதான் சாவி ஆன். பெட்ரோல் டேங்க்குக்கு அருகில் ஒரு சின்னத் தீப்பொறிகூட வேண்டாம். முள் எழத் தொடங்கியதுமே அணைத்துவிடுங்கள். நீண்ட நேரம் நேரடி எர்த்தில் வைத்தால் மீட்டரே கருகலாம்.

இந்தச் சோதனையில் முள் சரியாக நடந்துகொண்டால் மீட்டரும் வயரும் நல்லவை, குற்றவாளி யூனிட்தான். நடக்காவிட்டால் டேஷ்போர்டு பக்கம் தேட வேண்டும். பெட்ரோல் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் சேர்ந்தே தப்பாகக் காட்டுகின்றனவா? அப்போது சந்தேகம் இரண்டுக்கும் 10 வோல்ட் கொடுக்கும் குட்டி ஸ்டெபிலைசர் மீது.

யூனிட்டைக் கழற்றும் வேலைதான் ஆபத்தானது. முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். யூனிட் இருக்கும் மட்டத்துக்குக் கீழே பெட்ரோலை இறக்க வேண்டும். கார் வெட்டவெளியில் நிற்கட்டும். வயர் போட்டுத் தொங்கவிடும் குண்டு பல்பு, பீடி, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. திரவப் பெட்ரோலைவிட அதன் ஆவிதான் பொல்லாதது. அது காற்றைவிடக் கனமானது, டிக்கியின் அடியிலேயே தேங்கி நிற்கும்.

கையில் எடுத்த யூனிட்டை உடனே தூக்கிப் போடாதீர்கள். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். சலசலத்தால் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது. மூழ்கிய மிதவை எப்போதும் 'காலி' என்றே சொல்லும். வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். உள்ளே ஆவி மிச்சமிருக்கும் மிதவையில் பற்றவைக்கும் இரும்பை வைப்பது வெடிகுண்டோடு விளையாடுவதற்குச் சமம். மிதவையை மட்டும் புதிதாக மாற்றுவதே நல்லது. மல்டிமீட்டரில் கம்பியை மெதுவாக நகர்த்தும்போது அளவு சீராக மாறாமல் நடுவில் அறுந்தால், சுருள் தேய்ந்துவிட்டது. அப்போதுதான் புது யூனிட்.

புதுப்பேட்டையில் தேடினால் ஓட்டைக்குப் பொருந்தும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். பொருந்துவது மட்டும் போதாது. ஹெரால்டு போன்ற ஆங்கிலேய கார்களின் மெதுவான மீட்டர், டேங்க் காலியாக இருந்தால் 200 ஓமுக்கு மேலும், நிறைந்தால் சுமார் 20 ஓமும் எதிர்பார்க்கும். பல ஐரோப்பிய யூனிட்கள் இதற்கு எதிர்த் திசையில் வேலை செய்பவை. அதை மாட்டினால் பெட்ரோல் ஊற்ற ஊற்ற முள் இறங்கும்! மல்டிமீட்டரோடு கடைக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாட்டும்போது பேக்கிங் புதிதாக இருக்கட்டும். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனால் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். பாத்ரூமுக்குப் போடும் சிலிகானைத் தடவினால் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். ஹெரால்டில் டேங்க் டிக்கிக்குள் இருப்பதால், சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும் வாடை பின் சீட்டில் இருக்கும் குழந்தைகள் வரை வரும்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம். காலி டேங்க்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'காலி' காட்டும்போது இரண்டு மூன்று லிட்டராவது மிச்சமிருக்கும்படி மிதவைக் கம்பியை லேசாக வளைத்துக்கொள்ளலாம். பழைய ஹெரால்டு சிலவற்றில் பைக்கைப் போல டேங்க்கிலேயே ரிசர்வ் லீவர் உண்டு. உங்கள் காரில் அது இருந்தால், இறுகிப் போயிருக்கிறதா என்று அன்றைக்கே ஒரு முறை திருகிப் பார்த்துவிடுங்கள்.