மீன் விலை தெரிந்தால் மட்டும் போதுமா?

1997 ஜனவரி 14 காலை, வட கேரளத்தின் வடகரைச் சந்தையில் 11 கடற்றொழிலாளர்கள் சாளை மீனை வாங்க ஆளின்றி, கொட்டிவிடும் நிலையில் நின்றனர். அதே வேளை, 15 கிலோமீற்றருக்குள் இருந்த வேறு சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பவிருந்தனர்.

பொருளியலாளர் ரொபேர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பதிவு செய்கிறது. 1997இலிருந்து கைத்தொலைபேசிச் சேவை அக்கரையோரத்துக்குப் படிப்படியாக வந்தது. தொழிலாளர்கள் கடலில் இருந்தபடியே பல சந்தைகளின் விலையைக் கேட்டு, எங்கே மீனை இறக்குவதென முடிவெடுத்தனர். முன்னர் 5 முதல் 8 வீதம் வரை வீணாகிய மீன், பின்னர் வீணாவது ஏறக்குறைய நின்றது. தொழிலாளரின் இலாபம் 8 வீதம் கூடியது. நுகர்வோர் விலை 4 வீதம் குறைந்தது.

ஆனால் விலையை அறிவது ஒன்று, விரும்பிய இடத்தில் விற்பது வேறு. போரில் படகையும் வலையையும் இழந்து, முதலாளியிடம் முற்பணம் வாங்கித் தொழிலை மீண்டும் தொடங்கியவர் வடக்கில் மீனை அவரிடமே கொடுக்க வேண்டியிருக்கிறது. பேலியகொடை மொத்த விலை கைபேசியில் தெரிந்தாலும், கரையில் முதலாளி சொல்வதே விலை.

அப்படியானால் அந்தத் தகவலால் பயனில்லையா? உண்டு. பேலியகொடை விலையிலிருந்து ஐஸ், போக்குவரத்து, தரகுச் செலவுகளைக் கழித்து, கையில் கிடைத்த விலையோடு ஒப்பிட்டு நாளாந்தம் கொப்பியில் குறித்து வையுங்கள். எஞ்சும் வித்தியாசம்தான் முற்பணத்துக்கு நீங்கள் உண்மையில் கட்டும் வட்டி. கூட்டுறவுச் சங்கத்திடமோ வங்கியிடமோ கடன் கேட்கும்போது, அந்தக் கணக்கே உங்கள் வலுவான வாதம்.