கூடங்குளத்திலிருந்து கல்லூரிக்கு: காலியாகக் கிடக்கும் ஐந்து சதவீதம்

கூடங்குளத்தைச் சேர்ந்த காதுகேளாத பெண் ஒருத்தி பிளஸ் டூ தேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்திருப்பாள். இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அதுதான் நெடுங்காலமாகத் தெரிந்த வழி. அடுத்து எங்கே போவது? காதுகேளாதோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடத்தும் அரசுக் கல்லூரி சென்னை மெரினாவை ஒட்டிய மாநிலக் கல்லூரி. அது ஏறக்குறைய 700 கிலோமீட்டர். திருவனந்தபுரத்தில் ‘நிஷ்’ எனப்படும் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் காதுகேளாதோருக்குப் பட்டப்படிப்பு நடத்துகிறது. அது சுமார் 100 கிலோமீட்டர்தான், ஆனால் வேறு மாநிலம், வேறு மொழி. வள்ளியூரிலோ நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ உள்ள அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் அவளுக்குச் சட்டப்படி இடம் உண்டு. விண்ணப்பித்தால் கிடைத்தும்விடும். வகுப்பில் உட்கார்ந்த பிறகு ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிவிக்கத்தான் ஆள் இல்லை.

தாமிரபரணிக் கரையில் இந்த நிலை இருப்பது விந்தைதான். பாளையங்கோட்டைக்குத் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று பட்டம் சூட்டி மகிழ்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் ஆஸ்க்வித், ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற இரு ஆங்கிலேயப் பெண்கள் இங்கே பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அப்போது இந்தியாவில் இத்தகைய பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே ஊரில் தூய யோவான் கல்லூரி 1878 முதலும், சாராள் தக்கர் கல்லூரி 1895 முதலும், தூய சவேரியார் கல்லூரி 1923 முதலும் நடக்கின்றன. 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. சிறப்புப் பள்ளியும் கல்லூரியும் ஒரே ஊரில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்தும், முன்னதிலிருந்து பின்னதற்குப் போகும் பாதையை யாரும் பொறுப்பெடுத்துப் போடவில்லை. பள்ளியில் சேர்த்துவிடுவதே பெரிய புண்ணியம் என்ற நினைப்பில் நின்றுவிட்டோம்.

சட்டமும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல சட்டம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது, கல்வி நிலையங்களில் 3 சதவீதமாக இருந்த ஒதுக்கீட்டை உயர்கல்வியில் 5 சதவீதமாக்கியது. ஆனால் உயர்கல்விக்கான 32ஆம் பிரிவைப் படித்தால் அதில் இரண்டே செய்திகள்தான் உள்ளன. ஒன்று ஐந்து சதவீத இடம், மற்றது ஐந்து ஆண்டு வயதுத் தளர்வு. கட்டடம், போக்குவரத்து, தனிக்கவனம், கற்பிக்கும் முறை என்று விரித்துப் பேசும் 16ஆம் பிரிவு ‘குழந்தைகள்’ என்றே பேசுகிறது. பதினெட்டு வயதைத் தாண்டியவருக்கு இடம் உறுதி, உதவி உறுதியில்லை என்பதுபோல ஆகிவிட்டது. இந்த இடைவெளி நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. 2017 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு தொடர்ந்த வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒதுக்கீட்டைக் கட்டாயம் நிறைவேற்றச் சொன்னதோடு, ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாற்றுத்திறனாளி மாணவர்களின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்க ஓர் அமைப்பை ஏற்படுத்த முடியுமா என்று ஆராயும்படி பல்கலைக்கழக மானியக் குழுவைப் பணித்தது. பிறகு மானியக் குழுவும் 2022-ல் விரிவான அணுகல் நெறிமுறைகளை வெளியிட்டது. சுற்றறிக்கைக்குப் பஞ்சமில்லை. அதைக் கையில் வாங்கிச் செயல்படுத்தும் சம்பளக்காரர் ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான கல்லூரிகளில் ஏற்கெனவே நான்கு பொறுப்புகளைச் சுமக்கும் பேராசிரியர் ஒருவரின் பெயருக்கு எதிரே ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று ஐந்தாவதாக ஒரு வரி சேர்கிறது, அவ்வளவுதான்.

‘கொடுத்த இடங்களே நிரம்பவில்லையே, பிறகு எதற்கு இவ்வளவு ஏற்பாடு?’ என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. நிரம்பவில்லை என்பது உண்மை. பொறியியல் கலந்தாய்வில் இந்தப் பிரிவினருக்கான இடங்களில் பெரும்பகுதி ஆண்டுதோறும் காலியாகவே போகிறது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் 4.33 கோடி மாணவர்கள் இருந்தார்கள். அதில் மாற்றுத்திறனாளிகள் ஒரு லட்சம்கூட இல்லை. மக்கள்தொகையில் அவர்கள் 2.21 சதவீதம் என்று 2011 கணக்கெடுப்பு சொல்கிறது. கல்லூரி செல்லும் வயதினரில் 47 சதவீதத்தினரை உயர்கல்விக்குக் கொண்டுவந்த தமிழ்நாட்டுக்கு இது ஒத்துவராத கணக்கு. இதை ஆர்வமின்மை என்று படிப்பது தவறு. காதுகேளாத மாணவரையே எடுத்துக்கொள்வோம். பள்ளியில் சுமையைக் குறைக்கிறோம் என்று அவருக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்குத் தருகிறார்கள். நல்லெண்ணத்தில் தந்ததுதான். ஆனால் தமிழ் மட்டும் படித்து வந்தவர் கல்லூரிக்குள் நுழைந்ததும் கணினி, வணிகவியல், அறிவியல் எல்லாப் புத்தகமும் ஆங்கிலத்தில் இருக்கக் காண்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் காட்டிய சலுகை பதின்மூன்றாவது ஆண்டில் தடையாக எழுந்து நிற்கிறது. அந்த ஓராண்டில் ஆங்கிலம் கற்பிக்க ஓர் இணைப்பு வகுப்பு நடத்தினால் காலியிடக் கணக்கே மாறும். அதை நடத்தப் பள்ளிக்கு அதிகாரமில்லை, கல்லூரிக்கு ஆளில்லை.

பார்வையற்ற மாணவரின் சிக்கல் வேறு வகை. அவருக்கு ஆங்கிலமும் தெரியும், கணினியும் தெரியும். திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, அது தமிழும் பேசும். ஆனால் ஆசிரியர் அனுப்பும் குறிப்பு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாகவோ, ஜெராக்ஸை செல்போனில் படம் பிடித்ததாகவோ இருந்தால் மென்பொருளுக்கு அது வெற்றுப் படம்தான். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. பல கல்லூரித் துறைகள் இன்னும் ஏற்கவில்லை. செலவே இல்லாத சீர்திருத்தம் இது. தேர்வு வந்தால் ‘சொல்வதை எழுதுபவர்’ வேண்டும். மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தந்தது, மாணவர் கேட்டால் எழுதுபவரைத் தேர்வுத் துறையே தர வேண்டும் என்றும் சொன்னது. நடைமுறையில் தேர்வுக்கு முந்தின வாரம் மாணவரே பக்கத்து வகுப்பிலும் பக்கத்து வீட்டிலும் ஆள் தேடி அலைகிறார். கூடுதல் நேரம் தந்தால் தரம் தாழும் என்ற முணுமுணுப்பும் கேட்கிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு கொண்ட அவருக்கு, 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று இல்லை என்ற காரணத்தால் எழுதுபவரை மறுக்கக் கூடாது என்றது. கையெழுத்தின் வேகத்தையா தேர்வு அளக்கிறது, பாட அறிவையா? இதற்கு விடை சொன்னவர்கள் தரத்தைப் பற்றிப் பேசலாம்.

உடல் இயக்கக் குறைபாடு உள்ளவருக்கு முதல் தேர்வு பேருந்து நிறுத்தத்திலேயே தொடங்கிவிடுகிறது. 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணமில்லை. கூடங்குளத்திலிருந்து திருநெல்வேலி வெகு தூரம். அது நகரப் பேருந்தின் எல்லைக்குள் வராது. கட்டணம் ஒருபுறம் இருக்கட்டும், ஏறும் படியின் உயரம்தான் முதல் மறுப்பு. தாழ்தளப் பேருந்துகள் 2024-ல் சென்னையில் ஓடத் தொடங்கின. கூடங்குளம் அடங்கிய இராதாபுரம் வட்டத்துக் கிராம நிறுத்தங்களுக்கு வருபவை உயரப் படிக்கட்டு வண்டிகளே. விடுதியில் தங்கலாம் என்றால் அங்கே கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலியின் அகலத்துக்கு இருக்க வேண்டும். கல்லூரி வாசலில் சாய்தளம் கட்டிவிட்டு, இரண்டாம் மாடியில் வகுப்பு வைப்பதை அணுகல் வசதி என்று சொல்ல முடியாது.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், பொறியியல் நான்காம் ஆண்டு படித்தபோது 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின் உடற்பயிற்சியில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவர் கட்டியெழுப்பிய நிறுவனத்தைப் பலரும் அறிவர், பத்மஸ்ரீயும் கிடைத்தது. அவர் வாழ்க்கை கிளப்பும் ஒரு கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. படிப்பின் நடுவில் குறைபாடு வந்தால் அந்த மாணவரின் கதி என்ன? பணியில் இருக்கும்போது ஊனமுற்றால் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அரசு ஊழியருக்கு 2016 சட்டத்தின் 20ஆம் பிரிவு காப்பளிக்கிறது. மாணவருக்கு அப்படி வெளிப்படையான காப்பு கிடையாது. மோட்டார் சைக்கிள் விபத்துகள் இவ்வளவு நடக்கும் நாட்டில் இது சிறிய ஓட்டை அல்ல.

இவை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே ஆள் வைக்க முடியாது என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்கிறேன். வள்ளியூர்ப் பக்கத்துச் சிறு கல்லூரி ஒன்று, ஒரே ஒரு காதுகேளாத மாணவிக்காகச் சைகை மொழிபெயர்ப்பாளரை ஆண்டு முழுதும் சம்பளத்துக்கு வைத்திருக்குமா? வைக்காது, எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆகவேதான் உதவி கல்லூரியின் தலையில் அல்லாமல் பல்கலைக்கழகத்தின் தலையில் விழ வேண்டும் என்கிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அதன் வளாகம் உள்ள அபிஷேகப்பட்டியில் ஒரு மையம், அதில் மொழிபெயர்ப்பாளர்கள், எழுதுபவர் பட்டியல், பாடக்குறிப்புகளை ஒருங்குறிக்கும் பிரெய்லுக்கும் மாற்றும் பிரிவு, விடுதி, பேருந்து விவகாரங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கொண்டுபோகும் ஓர் அலுவலர். கல்லூரி ஒரு மாணவரைச் சேர்த்தால் உதவி அவர் பின்னால் வரும். இது புதுமையும் அல்ல. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எட் ராபர்ட்ஸ் 1962-ல் மூச்சுக் கருவியோடு சேர்ந்தபோது தங்க இடமின்றி வளாக மருத்துவமனையில் தங்கினார். அங்கே மாற்றுத்திறனாளி மாணவர்கள் 1970-ல் நிறுவிய உதவித் திட்டம் செய்தவை உதவியாளர் பட்டியலும் சக்கர நாற்காலி பழுதுபார்ப்பும் போன்ற சாதாரண வேலைகள்தான். பிரிட்டனிலும் மாற்றுத்திறனாளி மாணவர் உதவித்தொகை தனி மாணவரின் தேவையை அளந்தே தரப்படுகிறது.

பணம்? இந்த வட்டாரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பவர் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும். தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் கூடங்குளத்தில் இயங்குகின்றன, மேலும் நான்கின் கட்டுமானம் தொடங்கியது. 2012-ல் இப்பகுதிக்கு 500 கோடி ரூபாய்ச் சிறப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்லும் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, மாற்றுத்திறனாளிகளின் கல்வியையும் தொழில்திறனையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பத்துப் பதினைந்து பேரின் சம்பளம் அணுமின் கழகத்துக்கோ மாநில அரசுக்கோ தாங்க முடியாத தொகை அல்ல. அரசு நிறுவனங்களில் 4 சதவீத வேலை ஒதுக்கீட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கேட்கும்போது, தகுதியானவர் கிடைக்கவில்லை என்று காலியிடத்தை ஆண்டுதோறும் முன்னுக்குத் தள்ளுவதைவிட, இங்கேயே தகுதியானவரை உருவாக்குவது எளிது.

‘வீட்டிலிருந்தே அஞ்சல்வழியில் படிக்கலாமே’ என்பது கடைசியாக வரும் யோசனை, அக்கறையான குரலில் வரும். தேர்ந்தெடுப்பவருக்கு அது நல்ல வழி. வேறு வழியில்லாதவருக்கு அது தேர்வு அல்ல. ஆய்வகம், நூலகம், வளாக நேர்காணல், சண்டை, நட்பு எல்லாம் பிறருக்குக் கல்லூரி. இவருக்கு மட்டும் தபாலில் வரும் புத்தகம் என்றால் அதற்குப் பெயர் வேறு. காதுகேளாதோருக்குத் தனிக் கல்லூரி வேண்டும் என்பாரின் வாதம் இதைவிடக் கனமானது. வாஷிங்டனில் 1864-லிருந்து காதுகேளாதோருக்கான கல்லாடெட் கல்லூரி (இன்று பல்கலைக்கழகம்) இருக்கிறது, சைகை மொழி அங்கே உதவி அல்ல, வளாகத்தின் பேச்சுமொழி. தெற்கு மாவட்டங்களுக்குப் பாளையங்கோட்டையில் அப்படி ஒரு பட்ட வகுப்பு வந்தால் வரவேற்கலாம். ஆனால் பி.எஸ்சி. இயற்பியலோ செவிலியர் படிப்போ கேட்கும் மாணவியிடம் ‘உனக்கு பி.காம்.தான்’ என்று சொல்லும் சாக்காக அது மாறக் கூடாது, இரண்டும் வேண்டும்.

எங்கே தொடங்குவது என்பதற்குப் புதிய ஆய்வுக் குழு தேவையில்லை. உயர்கல்விக் கணக்கெடுப்புக்காக ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் நிரப்பும் படிவத்தில் மாற்றுத்திறனாளி மாணவர் எண்ணிக்கைக்கு என்றே கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் தன் கல்லூரிகள் எழுதியவற்றைப் பல்கலைக்கழகம் அடுத்த சேர்க்கைக்கு முன் கல்லூரிவாரியாக வெளியிடட்டும். பூஜ்யம் என்று எழுதிய கல்லூரிகள் எவை, அவற்றைச் சுற்றி இருக்கும் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்தவர்கள் எத்தனை பேர் என்று ஒப்பிட அரை நாள் போதும்.