அம்பாசிடருக்கு என்ன தண்ணீர் ஊற்றுவது?

பழைய காரின் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்க ஏற்ற நேரம் விடியற்காலை, வண்டி ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த பிறகு. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. அதிலுள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் இருந்தாலே, 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 110 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். சூட்டில் மூடியைத் திருகினால் அழுத்தம் சட்டென்று போய், கொதிநீரும் ஆவியும் முகத்தில் அடிக்கும். ஈரச் சாக்கைப் போட்டுத் திறக்கும் பழக்கம் பல பேர் கையைப் பொசுக்கியிருக்கிறது.

2014இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் பழைய மாடல்களிலும், ஃபியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினியிலும் அளவுக்கோடு போட்ட தனி டப்பா பெரும்பாலும் இருக்காது. மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டியதுதான். உள்ளே தெரியும் செம்புக் குழாய்களின் வாய் மூழ்கி, கழுத்துக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றால் போதும். வழிய வழிய ஊற்றினால் சூட்டில் விரிந்து, வழிகுழாய் வழியே ரோட்டில் கொட்டும். மறுநாள் குறைந்திருக்கிறதே என்று மறுபடி நிரப்புவார்கள். இல்லாத ஓட்டையைத் தேடி மெக்கானிக்கிடம் போகிற வண்டிகளில் இப்படிப்பட்டவையும் உண்டு.

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் அளவைவிடப் பெரிய கேள்வி, எந்தத் தண்ணீர் என்பது. மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆர்.ஆர். நகரில் ராம்கோவும் ஆலங்குளத்தில் அரசின் டான்செமும் சிமென்ட் ஆலை வைத்தது அதை நம்பித்தான். அந்த மண்ணில் ஊறிய நீர்தான் பல இடங்களில் போர்வெல்லில் ஏறுகிறது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் எஞ்சின் பிளாக்கின் நீர்ப்பாதையிலும் படிகிறது. படிந்த சுண்ணாம்பு சூட்டை எளிதில் வெளியே விடாது. தண்ணீர் நிறைய இருந்தும் சூடு காட்டும் முள் ஏறினால், இங்கே முதல் சந்தேகம் இதன்மேல் வர வேண்டும்.

பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு வைத்தியம் உண்டு. பட்டறையில் மேல்தொட்டியின் ஈயப் பற்றை உருக்கிக் கழற்றி, குழாய்க்குள் மெல்லிய கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைப்பார்கள். இன்றைய அலுமினிய, பிளாஸ்டிக் ரேடியேட்டரில் இது நடக்காது.

பனியே விழாத ஊருக்குக் கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பதும் கொதிநிலையைக் கூட்டுவதும்தான் இங்கே தேவை. பேட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய தண்ணீர் இரண்டு பங்கு, கூலண்ட் ஒரு பங்கு என்ற கலவை இந்த வெயிலுக்குச் சரி. ஈயப் பற்று உள்ள ரேடியேட்டருக்குப் பழைய வகைப் பச்சைக் கூலண்டே பாதுகாப்பு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். இரண்டு வகையைக் கலந்தால் கூழாகிவிடலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுக்க மாற்ற வேண்டும்.

ஊற்ற ஊற்றக் குறைந்தால் ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப்பின் அடி, ரேடியேட்டர் மூலைகளில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். வெளியே ஈரமே இல்லையென்றால் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் மோர் கலந்ததுபோல வெளுத்திருக்கும். மூடியைத் திறந்துவைத்து, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரும். சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது. நீலப் புகை வேறு கதை: பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்து ஆயில் எரிகிறது. கரும்புகைக்குக் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து பார்த்தால் சந்தேகம் தீரும். ஒன்று மட்டும் வெகுவாக இறங்கியிருந்தால் கோளாறு அங்கேதான்.

சூடு தாங்கவில்லையென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது பழைய பட்டறைப் பழக்கம். அது நோயை மறைக்கும் வேலை. எஞ்சின் சுமார் 80 டிகிரிக்கு ஏறினால்தான் பெட்ரோல் ஒழுங்காக எரியும், தேய்மானமும் குறையும்.

பழைய கார்களுக்கு உண்மையான சோதனை மாப்பிள்ளை அழைப்பு. முகப்பு கிரில்லை மறைத்து மாலை தொங்கும். முன்னால் பத்தாயிரம் வாலா வெடித்து முடியும்வரை வண்டி நகராது. இந்தக் கார்களின் ஃபேன் எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுவதால், நின்ற இடத்தில் காற்று குறைவு. மாலையைப் பானட்டுக்கு மேலே ஏற்றிக் கட்டி, பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. அரை அங்குலம் அமுங்கலாம், அதற்குமேல் என்றால் தொய்வு. அப்படியும் ஆவி பறந்தால் எஞ்சினை நிறுத்திப் பானட்டைத் திறந்து அரைமணி நேரத்துக்கு மேல் ஆறவிட வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் அம்பாசிடரின் வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஃபியட்டின் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

வடித்தெடுத்த பழைய கூலண்டைத் தெருவில் ஊற்றக் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நக்கிக் குடிக்கும் நாய்க்கும் பூனைக்கும் சிறுநீரகம் செயலிழந்துவிடும்.