கலப்பையும் நம்ம கணக்கும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மன்றச் செயலாளர் கேட்டார். எனக்குக் கவிதை வராது. பேச்சுப் போட்டிகளில் உழவைப் பற்றி யார் ஆரம்பித்தாலும் திருக்குறளின் 104-ஆவது அதிகாரத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நான் அங்கே ஆரம்பிக்காமல், போன வருடம் எங்கள் பெரியப்பா நிலத்தில் நான் உடைத்த ஒரு கொழுவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது உடைந்ததால்தான் வகுப்பில் புரியாத சில விஷயங்கள் எனக்குப் புரிந்தன.

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கத்துப் பக்கம். மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. அங்கிருந்து இறங்கி வரும் செய்யாறுதான் எங்கள் ஆறு. ஆற்றோரத்து நிலங்களில் டிராக்டர்தான் உழுகிறது. ஆனால் மலையடிவாரத்துக் கொல்லைகள் அப்படி இல்லை. சரிவு, கல், சின்னச் சின்னத் துண்டு நிலம். டிராக்டர் உள்ளே போகவே வழி கிடையாது. மலைமேல் சாமையும் கேழ்வரகும் விளைகிற சரிவுகளிலும் இதே கதைதான். அங்கெல்லாம் மாடும் கலப்பையும் இன்றும் இருக்கின்றன. கலப்பையைத் தோளில் வைத்துக்கொண்டுதான் நிலத்துக்கு ஏற வேண்டும்.

பெரியப்பாவுக்கு வயது அறுபதுக்கு மேல். "ஏர ஓட்றது ஒண்ணும் கஷ்டமில்லடா. தூக்கினு போறதுதான் தோள்பட்ட உட்டுப்போவுது" என்று சொல்வார். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்த எனக்கு இது போதும் என்று தோன்றியது. லேசான, தேயாத கலப்பை செய்து விடுவது என்று நான்கு பேர் சேர்ந்து கிளம்பினோம்.

முதலில் உறுப்புகள்

நகரத்திலிருந்து வந்து படிக்கும் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. நாட்டுக் கலப்பையில் முக்கியமாக ஐந்து சாமான்கள். மண்ணுக்குள் போவது கலப்பைக் கட்டை. அதன் நுனியில் இருக்கும் இரும்பு, கொழு. காறு என்றும் சொல்வார்கள். கையால் பிடிப்பது மேழி. கட்டையிலிருந்து மாடுகள் வரை நீளும் கொம்பு ஏர்க்கால். மாட்டின் கழுத்தில் குறுக்கே கிடப்பது நுகத்தடி. இதில் கொழு மட்டும்தான் இரும்பு. மற்றது எல்லாம் மரம், பெரும்பாலும் கருவேலம்.

இழுவை எங்கிருந்து வருகிறது?

நாங்கள் செய்த முதல் தப்பு இதுதான்: கலப்பை லேசாக இருந்தால் மாட்டுக்கு இழுவை பாதியாகி விடும் என்று நினைத்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை.

நாட்டுக் கலப்பை கிழிக்கும் சால் 'வி' வடிவம். மேல் அகலம் 15 செ.மீ., ஆழம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 90 சதுர செ.மீ. மண்ணைக் கிழிக்க ஒரு சதுர செ.மீ.க்குச் சுமாராகக் கால் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை விசை வேண்டும். ஈரமும் மண்வகையும் பொறுத்து மாறும். அப்படியானால் கெட்டி மண்ணில் இழுவை 60 கிலோவைத் தாண்டி விடும். மாடுகள் ஒரு ஜோடி, தங்கள் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் மணிக்கணக்காக இழுக்க முடியும். ஒன்று 300 கிலோ என்றால் ஜோடிக்கு 60 கிலோ. ஆக, கெட்டி மண் என்றாலே மாடு தன் எல்லையில்தான் நிற்கிறது.

இப்போது கலப்பையின் எடையை 5 கிலோ குறைக்கிறோம் என்று வையுங்கள். உராய்வுக் கெழு 0.5 என்றால் மிச்சமாகும் இழுவை வெறும் இரண்டரை கிலோ! ஆனால் கொழு மழுங்கி விட்டால் இழுவை அதைவிடப் பல மடங்கு ஏறும். மழுங்கிய கொழு மண்ணை வெட்டாது, இடித்துக்கொண்டு போகும்.

ஆகவே நண்பர்களே, எடை என்பது மனிதன் தோளின் பிரச்சினை. கூர் என்பது மாட்டின் கழுத்துப் பிரச்சினை. இரண்டையும் தனித்தனியாகத்தான் தீர்க்க வேண்டும்.

ஏர்க்காலுக்கு ஒரு கணக்கு

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் செக்ஷன் மாடுலஸ் என்று ஒன்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்குப் பிறகு மறந்து போன அதே சமாச்சாரம்தான். இழுவை 60 கிலோ, அதாவது ஏறத்தாழ 600 நியூட்டன். இழுவைக் கோட்டிலிருந்து ஏர்க்கால் பொருத்துமிடம் கால் மீட்டர் தள்ளி இருந்தால், வளைவுத் திருப்புமை 1,50,000 நியூட்டன் மி.மீ. கொழு கல்லில் மாட்டி ஜெர்க் வரும்போது இதை நான்கு மடங்காக எடுத்துக்கொண்டோம்.

32 மி.மீ. கெட்டி எம்.எஸ். ராடு: செக்ஷன் மாடுலஸ் சுமார் 3,200 கன மி.மீ. ஜெர்க்கில் தகைவு 186 மெகாபாஸ்கல். மீட்டருக்கு எடை 6.3 கிலோ.

ஒன்றரை அங்குலப் பைப், வெளி விட்டம் 48.3 மி.மீ., கனம் 3.2 மி.மீ.: செக்ஷன் மாடுலஸ் சுமார் 4,800. தகைவு 125 மெகாபாஸ்கல். மீட்டருக்கு எடை 3.56 கிலோ மட்டுமே.

பாருங்கள், எடை பாதிக்குச் சற்று மேல், பலமோ ஒன்றரை மடங்கு! வளையும்போது நடுவில் இருக்கும் இரும்பு அதிகம் வேலை செய்வதில்லை. ஓரத்தில் இருப்பதுதான் சுமையைத் தாங்குகிறது. சைக்கிள் ஃபிரேம் பைப்பில் இருப்பதும் இதனால்தான். நாங்கள் குதித்தோம். பைப்பிலேயே ஏர்க்கால் செய்து வெல்டு வைத்துப் பெயின்டும் அடித்துக் கொண்டுபோய் வைத்தோம்.

பெரியப்பா ஒரு கையில் எங்கள் பைப்பையும் இன்னொரு கையில் தன்னுடைய பழைய ஏர்க்காலையும் தூக்கிப் பார்த்தார். "இன்னாடா இது, இதுதான் லேசா?" என்றார்.

அப்போதுதான் நாங்கள் மரத்தை எடை போடவே இல்லை என்பது உறைத்தது. 7 செ.மீ. உயரம், 5 செ.மீ. அகலம், 2.8 மீட்டர் நீளம் உள்ள கருவேலங் கொம்பு சுமார் 8 கிலோ. எங்கள் பைப் அதே நீளத்துக்கு 10 கிலோ. மரத்தின் செக்ஷன் மாடுலஸ் 40,800; ஜெர்க்கில் தகைவு 15 மெகாபாஸ்கலுக்கும் கீழே. நன்றாகக் காய்ந்த கருவேலம் அதைத் தாங்கி விடும். கெட்டி ராடோடு ஒப்பிட்டு நாங்கள் ஜெயித்தோம். ஊரில் யாரும் கெட்டி ராடில் உழவில்லையே!

மரம் எங்கே தோற்கிறது என்றால், துளை போட்டு ஆப்பு அடிக்கும் மூட்டில். அங்கே தண்ணீர் இறங்கி உளுக்கிறது, பிளக்கிறது. எனவே ஏர்க்காலை மரமாகவே விட்டுவிட்டு, மூட்டுக்கு மட்டும் 5 மி.மீ. தகட்டை மடித்து 20 செ.மீ. நீளத்தில் ஒரு பெட்டி செய்தோம். கூடுதல் எடை சுமார் 2 கிலோ. அந்த இடத்தில் அதிக கனமான மரம் தேவைப்படாததால், கட்டையைச் செதுக்கி அந்த எடையை ஈடுகட்டினோம். ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆப்பு மட்டும் பழையபடியே. அதை மாற்றினால் பெரியப்பாவுக்குக் கை பழகாது.

கொழு உடைந்த கதை

அடுத்தது கொழு. சாதாரண எம்.எஸ். பட்டை எங்கள் கல் மண்ணில் சீக்கிரம் தேய்ந்து விடும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், எஃகைவிடக் கடினமானது. ஆகவே லாரியின் பழைய கமான் பட்டையை எடுத்தோம். அதில் கார்பன் அரை சதவீதத்துக்கு மேல். எம்.எஸ்.ஸில் கால் சதவீதம்கூட இருக்காது. கார்பன் இருந்தால்தான் சூடேற்றித் தோய்க்கும்போது எஃகு கெட்டிப்படும்.

பட்டறையில் சிவக்கக் காய்ச்சி, நான்தான் தண்ணீரில் முக்கினேன். அரம் போட்டால் வழுக்கிக்கொண்டு போனது. ஆஹா, இனிமேல் தேயவே தேயாது என்று பெருமையாகக் கொண்டுபோனேன்.

ஆடி மாதம். முந்தின இரவுதான் நல்ல மழை. மானாவாரி வேர்க்கடலைக்கு அந்த ஈரம்தான் எல்லாம். உழவுப் பதம் இரண்டு மூன்று நாளில் போய்விடும். இரண்டாவது சாலில் ஒரு கல். 'டக்'கென்று ஒரு சத்தம். கொழு கண்ணாடி மாதிரி இரண்டாக முறிந்து கிடந்தது. பழைய கொழுவைக் கழற்றி நான் காலேஜுக்குச் சாம்பிளுக்காக எடுத்துப் போயிருந்தேன். அன்றைக்கு உழவு நின்றது. பெரியப்பா திட்டவில்லை. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ஊரில் ஒரு வயதான ஆசாரியிடம் உடைந்த துண்டோடு ஓடினேன். அவர் முறிந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "தோய்ச்ச, சரி. எறக்குனியா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. நம் புத்தகத்தில் டெம்பரிங் என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அதைத்தான் கேட்கிறார்!

விஷயம் இதுதான். எஃகைச் சூடேற்றித் திடீரென்று குளிரவைத்தால் மார்ட்டென்சைட் என்ற மிகக் கெட்டியான அமைப்பு வரும். அதற்குள்ளே இழுபறி நிறைய. கெட்டி உண்டு, தாங்கும் குணம் இல்லை. மறுபடி மிதமாகச் சூடேற்றினால் கெட்டி கொஞ்சம் குறைந்து, அடி தாங்கும் குணம் வரும். கமான் பட்டைக்குத் தண்ணீரும் ஆகாது, வெடிப்பு விடும். எண்ணெய்தான் சரி.

அன்று சாயங்காலம் ஆசாரி செய்த முறையை வரிசையாகச் சொல்கிறேன்:

1. காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, அதற்கு மேல் இன்னும் சற்று. எஃகு 770 டிகிரி அளவில் காந்தத்தை விட்டு விடும். நமக்கு வேண்டியது 850 டிகிரி சுமார்.

2. நுனி இரண்டு அங்குலம் மட்டும் எண்ணெயில். பின்பாகம் மெதுவாகவே இருக்கட்டும்; கல்லில் இடிக்கும்போது அதிர்ச்சியை வாங்குவது அதுதான். எண்ணெய் தீப்பிடிக்கும், மூடி பக்கத்தில் இருக்க வேண்டும்.

3. நுனியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கத்திலிருந்து மெல்லச் சூடேற்ற வேண்டும். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடி வரும். வைக்கோல் நிறம் 220 டிகிரி சுமார், நீலம் 300 சுமார். கல் நிலத்துக் கொழுவுக்கு நீலம் வந்ததும் நிறுத்த வேண்டும்.

தெர்மாமீட்டர் எதுவும் இல்லை. கண்தான்.

முன்னோர் செய்த வேலை

பிறகு நூலகத்தில் தேடியபோது, எங்களுக்கு முன்னால் பலர் இதே கல்லில் இடித்துக்கொண்டது தெரிந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் ரேன்சம் என்பவர் 1803-ல் ஒரு வார்ப்பிரும்புக் கொழுவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் அடிப்பக்கம் மட்டும் சீக்கிரம் குளிர்ந்து கெட்டியாகும், மேல்பக்கம் மெது. உழ உழ மேல்பக்கம் முன்னால் தேய்வதால் கூர் தானாகவே நிற்கும். இன்று நாம் கொழுவின் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஹார்ட்ஃபேசிங் ராடு ஓட்டினால் அதே தத்துவம்தான். அமெரிக்காவில் ஜெத்ரோ வுட் 1819-ல், தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் கலப்பையைக் கொண்டுவந்தார்.

நம் நாட்டில் லட்சுமணராவ் கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பை செய்தபோது, இரும்பு மண்ணை விஷமாக்கும் என்று விவசாயிகள் வாங்கத் தயங்கியதாகச் சொல்வார்கள். அவர் 1910-ல் கிர்லோஸ்கர்வாடியைத் தொடங்கி, அந்தக் கலப்பையை நிலைநிறுத்தினார். அதற்கும் முன்னால், 1865-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய அரசுப் பண்ணையில் சீமைக் கருவிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். இந்திய விவசாயத்தை ஆராய வந்த வோல்க்கர் என்ற விஞ்ஞானி 1893-ல் வெளியான தன் அறிக்கையில், நாட்டுக் கலப்பையை ஏளனம் செய்யவில்லை. இங்குள்ள மாட்டுக்கும் மண்ணுக்கும், ஊரிலேயே பழுது பார்க்கும் வசதிக்கும் அது பொருந்துகிறது என்பதைப் புரிந்துகொண்டார். நூறு வருடத்துக்கு மேலாகியும் நாங்கள் அதைப் படிக்காமல் பைப்பைத் தூக்கிக்கொண்டு போனோம்!

கடைசியில் செய்தது

இப்போது பெரியப்பாவிடம் இருக்கும் கலப்பையில் ஏர்க்காலும் மேழியும் மரம். மூட்டு, தகட்டுப் பெட்டி. கொழு, 60 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம், 30 செ.மீ. நீளமுள்ள கமான் பட்டை. எடை ஒன்றரை கிலோவுக்குள். இரண்டு முனையும் கூர். ஒன்று தேய்ந்தால் திருப்பிப் போடலாம். இரண்டு 10 மி.மீ. போல்ட். ஆனால் இடியைப் போல்ட் வாங்கக் கூடாது என்பதற்காக, கொழுவுக்குப் பின்னால் ஒரு படி வைத்து அதில் முட்டும்படி செய்திருக்கிறோம். கழற்ற 17-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். கூடவே ஒரு ஸ்பேர் கொழு, கட்டாயம்.

இந்த ஆடியில் ஒரு முனையிலேயே உழவு முடிந்தது. "நடுவுல ஒரு நாளும் ஆசாரிகிட்ட போவல" என்று பெரியப்பா சொன்னார். எனக்கு அதுவே டிஸ்டிங்ஷன். தோள் வலி மட்டும் பெரிதாகக் குறையவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எடையைக் குறைக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. இரண்டாகக் கழற்றி ஆளுக்கொரு பாகமாகத் தூக்கும்படி மூட்டை மாற்ற முடியுமா என்று பார்க்கிறோம். நான் பாஸாகிப் போனாலும் அடுத்த வருட நண்பர்கள் யாராவது எடுத்துச் செய்தால் டிராயிங் எல்லாம் தருகிறேன்.

செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டிராயிங் போர்டில் உட்காரும் முன்னால், பழைய சாமானைத் தூக்கி எடை போடுங்கள். புதுசு வேலை செய்கிறவரை, பழைய கொழுவைக் கழற்றி எடுத்து வராதீர்கள்.